வீடியோ ஃபில்டர் ஐசி: வாசலில் நேரடி இணைப்பா, கிளாம்பா, பயாஸா?

பரந்தன் பக்கம் ஒரு அரிசி மில். வாசலில் பழைய கமரா ஒன்று. அதன் படம் இரண்டு இடத்துக்குப் போக வேண்டும்: கந்தோரில் இருக்கிற ரெக்கோடருக்கும், காவலாளியின் குடிலில் இருக்கிற பழைய பெட்டி ரீவிக்கும். ஒரு வயரை இரண்டாகப் பிரித்து முறுக்கினால் படம் மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சத்துக்கு இறங்கிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் எட்டுக் கால் வீடியோ ஃபில்டர் ஐசி ஒன்றை (வேண்டாத உயர் அதிர்வெண்களை வெட்டி, படத்தைப் பலமாக்கி வெளியே அனுப்புவது) சின்ன போட்டில் வைத்து, ஒரு வெளியீட்டிலிருந்து 75 ஓம் ரெசிஸ்டர் இரண்டு எடுத்துக் கொடுத்தேன். கடை மேசையில் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. பூட்டிவிட்டு வந்த அடுத்த நாள் காலையில் ஃபோன்.

“தம்பி, மில்லைப் போட்டவுடன படம் மேல்பக்கம் வளையுது. நிப்பாட்டினா நிமிருது. உங்கட பெட்டிக்கு மோட்டர் பிடிக்காதோ?”

மில்கார ஐயா பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் கேள்வி சரியானது. ஐசி பழுதில்லை, கமராவும் பழுதில்லை. நான் ஐசியின் வாசலில், அதாவது படம் உள்ளே போகிற காலில், ஒரு கண்டென்சர் போடாமல் விட்டதுதான் பிழை. அந்த ஒரு கண்டென்சரைப் போடுவதா விடுவதா, போட்டால் எவ்வளவு போடுவது, அதோடு மேலே ஒரு ரெசிஸ்டரும் வேண்டுமா என்பதுதான் இந்தக் கட்டுரை. ஐசி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது “எத்தனை மெகாஹேட்ஸ்?” என்று. என் அனுபவத்தில் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. படத்தின் அடிமட்டம் ஐசிக்குள் நுழையும்போது எத்தனை வோல்ற்றில் நிற்கிறது என்பதுதான் முதலாவது.

அடிமட்டம் என்றால் என்ன? மஞ்சள் சொக்கெற்றில் வருகிற படம் மொத்தம் 1 வோல்ற் உயரம். அதில் கீழ் 0.3 வோல்ற் சிங்க், மேல் 0.7 வோல்ற்தான் கறுப்பிலிருந்து வெள்ளை வரை. எங்கள் நாட்டில் ஓடுகிற பால் முறையில் ஒரு கோடு 64 மைக்ரோசெக்கன், அதில் 4.7 மைக்ரோசெக்கன் சிக்னல் அடியில் போய்க் குந்தியிருக்கும். அதுதான் சிங்க் நுனி. ரீவி கோட்டின் தொடக்கத்தைக் கண்டுபிடிப்பது அந்தக் குழியைப் பார்த்து. குழி நசிந்தால் படம் வளையும், உருளும்.

இனி ஐசியின் பக்கம். இவை ஒற்றை சப்ளையில் வேலை செய்பவை, 3.3 அல்லது 5 வோல்ற். வெளியீடு பூச்சியத்துக்குக் கீழே போக முடியாது. பூச்சியத்தைத் தொடும் இடத்திலேயே நசியத் தொடங்கும். அதற்காகத்தான் உள்ளே ஒரு சின்னத் தூக்கு வைத்திருக்கிறார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎச்எஸ் 7314 உள்ளே பூச்சியம் கொடுத்தால் வெளியே ஏறத்தாழ 145 மில்லிவோல்ற் தரும். ஃபெயர்சைல்ட் கொம்பனியின் எஃப்எம்எஸ் 6143 ஏறத்தாழ 280 தரும். (ஃபெயர்சைல்டை 2016இல் ஒன் செமிகண்டக்டர் வாங்கிவிட்டது. பழைய போட்டுகளில் பழைய சின்னத்தோடுதான் கிடைக்கும்.) இரண்டும் படத்தை இரண்டு மடங்காக்கும், ஏனென்றால் வெளியே 75 ஓமும் ரீவிக்குள் 75 ஓமும் சேர்ந்து அதைப் பாதியாக்கிவிடும்.

முதல் வழி: நேரடி இணைப்பு

கண்டென்சர் இல்லை, ஒன்றுமில்லை. வருவது அப்படியே உள்ளே. டிவிடி பிளேயருக்குள், டிஷ் பெட்டிக்குள் இதுதான் மிகச் சிறந்த வழி. அங்கே மெயின் ஐசியும் ஃபில்டர் ஐசியும் ஒரே போட்டில், ஒரே ஏர்த்தில் இருக்கின்றன. மெயின் ஐசியின் சிங்க் நுனி பூச்சியத்தில் அல்லது அதற்குச் சற்று மேலே நிற்கும் என்று வடிவமைத்தவனுக்குத் தெரியும். கண்டென்சர் இல்லாததால் படத்தில் சரிவும் இல்லை, காலப்போக்கில் காய்ந்துபோக ஒன்றும் இல்லை. ஃபில்டருக்கு உண்மையான வேலையும் அங்கேதான்: எண்ணிலிருந்து படமாக மாற்றும்போது 27 மெகாஹேட்ஸ் கடிகாரத்தின் நிழல் படத்தோடு சேர்ந்து வரும், 22 மெகாஹேட்ஸிலிருந்தே தொடங்கும். 8 மெகாஹேட்ஸ் வட்டாரத்தில் வெட்டினால் நிறம் நிற்கும் 4.43 தப்பிவிடும், நிழல் போய்விடும். இடிக்குப் போன டிஷ் பெட்டி ஒன்றில் இந்த எட்டுக் கால் ஐசியை மாற்றுகிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரையின் மீதியைப் படிக்கத் தேவையில்லை. கழற்றின மாதிரியே பூட்டுங்கள்.

வெளியே இருந்து சொக்கெற் வழியாக வருகிற படத்துக்கு இதே வழியைப் பிடித்ததுதான் என் பிழை. மேசையில் வேலை செய்ததற்குக் காரணம் அந்தக் கமராவின் சிங்க் நுனி தற்செயலாகப் பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தது. எல்லாக் கமராவும் அப்படி இல்லை. உள்ளே கண்டென்சர் வைத்து அனுப்புகிற கமராவில், விசிஆரில், சராசரிதான் பூச்சியத்தில் நிற்கும். அப்படியானால் சிங்க் நுனி எங்கே போகும்? கணக்குப் பார்த்தால் விளங்கும். முழுக் கறுப்புப் படத்தில் ஒரு கோட்டின் சராசரி அடிமட்டத்திலிருந்து 0.28 வோல்ற் உயரத்தில். முழு வெள்ளையில் 0.85 வோல்ற் உயரத்தில். ஆகவே படம் கறுப்பானால் சிங்க் நுனி பூச்சியத்துக்குக் கீழே 0.28, வெளிச்சமானால் 0.85. வயல் வெயிலில் கமராவைத் திருப்பினால் படம் மோசமாக வளையும், இரவில் வளைவு குறையும். இதைக் கமராப் பழுது என்று சொல்லி புதுக் கமரா விற்றவர்களும் உண்டு.

மில்லில் நடந்தது இன்னொரு வகை. வாசல் கமராவுக்கு மோட்டர் அறைப் பக்கத்திலிருந்து கரண்ட். கந்தோருக்கு வேறு லைன். இரண்டு ஏர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லை. மோட்டர் ஓடும்போது கேபிளின் வலைப்பின்னல் வழியாக 50 ஹேட்ஸ் ஓடுகிறது. சிக்னலை அலையாகக் காட்டுகிற ஸ்கோப்பைக் கொண்டுபோய்ப் பார்த்தேன்: படம் முழுதும் ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்குகிறது, உச்சிக்கும் அடிக்கும் 0.28 வோல்ற். அதாவது சிங்க் நுனி சில நேரம் பூச்சியத்துக்குக் கீழே 0.14. ஐசி அதை இரண்டு மடங்காக்கினால் 0.28 கீழே. எஃப்எம்எஸ் 6143இன் தூக்கு 280 மில்லிவோல்ற். கழித்துப் பாருங்கள், வெளியீடு சரியாகத் தரையில் முட்டுகிறது. மோட்டர் நின்றால் ஊஞ்சலும் நிற்கும், படமும் நிமிரும். ஐயா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

இரண்டாவது வழி: கண்டென்சரும் சிங்க் கிளாம்பும்

உள்ளே வருகிற வழியில் 0.1 மைக்ரோஃபரட் கண்டென்சர் ஒன்று. கேபிள் வந்து முடிகிற இடத்தில் வைக்கிற 75 ஓம் ரெசிஸ்டருக்குப் பிறகு அதை வையுங்கள், முன்னால் அல்ல. கண்டென்சர் வந்தவுடன் வெளியாளின் மட்டம் அறுந்துவிடுகிறது. இனி மட்டத்தை ஐசியே தீர்மானிக்க வேண்டும். அதற்கு உள்ளே ஒரு கிளாம்ப் இருக்கிறது. வேலை செய்வது ஒருவழி டயோட் போல. உள்ளீடு பூச்சியத்துக்குக் கீழே இறங்கப் பார்த்தால் அது கரண்ட் தள்ளிக் கண்டென்சரை நிரப்பி மேலே தூக்கிவிடும். பூச்சியத்துக்கு மேலே நின்றால் அது ஒன்றும் செய்யாது. நேரடி இணைப்பில் இது இருக்கிறதே தெரியாது. அதனால்தான் ஒரே ஐசியை இரண்டு விதமாகவும் பூட்ட முடிகிறது.

தூக்குவதற்கு ஆள் இருந்தால் இறக்குவதற்கும் ஆள் வேண்டும். உள்ளே பூமிக்கு 800 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. அது மெதுவாகக் கண்டென்சரை இறக்கும். எவ்வளவு மெதுவாக? 800 கிலோ ஓமும் 0.1 மைக்ரோஃபரட்டும் சேர்ந்தால் 80 மில்லிசெக்கன். ஒரு கோட்டின் 64 மைக்ரோசெக்கனில் சரிவது பத்தாயிரத்தில் எட்டுப் பங்கு. கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு கோட்டிலும் கொஞ்சம் இறங்கும், சிங்க் குழியில் கிளாம்ப் பிடித்துத் திரும்ப நிமிர்த்தும். இதுதான் முழுக் கூத்தும்.

மில்லில் இதைப் போட்டதும் வளைவு நின்றது. ஆனால் திரையில் ஒரு மங்கல் பட்டை மேலிருந்து கீழாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஏன் என்று அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். 0.28 வோல்ற் ஊஞ்சல், 50 ஹேட்ஸ்: அதன் மிகச் செங்குத்தான இடத்தில் மில்லிசெக்கனுக்கு 44 மில்லிவோல்ற் வேகத்தில் ஓடுகிறது. ஊஞ்சல் கீழே போகும்போது கிளாம்புக்கு வேகம் போதும், உடனே பிடிக்கும். மேலே போகும்போது இறக்கிவிட வேண்டியது அந்த 800 கிலோ ஓம். படத்தின் சராசரி அரை வோல்ற் என்று வைத்தால் அது இறக்குவது மில்லிசெக்கனுக்கு 6 மில்லிவோல்ற்தான். 44ஐ 6 துரத்திப் பிடிக்குமா?

கண்டென்சரைப் பத்திலொன்றாக்கி 0.01 போட்டால் இறங்கும் வேகம் பத்து மடங்கு, 62. இப்போது 44ஐப் பிடித்துவிடும். விலை என்ன? ஒரு கோட்டுக்குள் சரிவும் பத்து மடங்கு, ஏறத்தாழ 4 மில்லிவோல்ற். 700 மில்லிவோல்ற் படத்தில் இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் 4 மில்லிவோல்ற் வித்தியாசத்தை எந்தக் காவலாளியும் கண்டுபிடிக்க மாட்டார். மாற்றினேன், பட்டை மறைந்தது. கொஞ்ச நாள் போய் கேபிளில் ஏர்த்தைப் பிரிக்கிற ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்றையும் போட்டேன், ஏனென்றால் வலைப்பின்னலில் கரண்ட் ஓடுவதை ஐசி நிறுத்தாது, மறைக்கத்தான் செய்யும்.

0.01 இவ்வளவு நல்லதென்றால் எல்லா இடத்திலும் அதையே போடலாமே? போடாதீர்கள். கிளாம்ப் ஆக அடியில் இருப்பதை நம்பும். அது சிங்க்தானா என்று அது கேட்காது. மோட்டர் சுவிட்ச் போட்டவுடன் ஒரு தெறிப்பு வந்து சிங்க்குக்குக் கீழே 0.2 வோல்ற் குத்தினால் அதையும் அடிமட்டம் என்று எடுத்துக்கொண்டு படத்தைத் தூக்கிவிடும். பெரிய கண்டென்சர் கள்ளனை லேசில் நம்பாது. நம்பிவிட்டால் மறக்கவும் மாட்டாது, பழைய நிலைக்கு வர முப்பது மில்லிசெக்கன் போகும், ஒன்றரைத் திரை. சின்னது உடனே நம்பும், மூன்று மில்லிசெக்கனில் மறந்தும் விடும். நீளக் கேபிளும் ஏர்த் இரைச்சலும் உள்ள இடத்துக்குச் சின்னது. தெறிப்பு அதிகம் உள்ள இடத்துக்குப் பெரியது. இரண்டும் இருந்தால் முதலில் கேபிளைப் பாருங்கள்.

மூன்றாவது வழி: பயாஸ்

இது எனக்குப் பிடிக்கப் பல வருசம் எடுத்தது. பிடிக்க வைத்தவை கசெற்றுகள்.

வன்னிச் சனத்திடம் இன்னும் விஎச்எஸ் கசெற் இருக்கிறது. கரண்ட் இல்லாத காலத்தில், பற்றரிகூடத் தடைப்பட்ட பொருளாய் இருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர் இது. ஜெனரேற்றர் பிடித்து எடுத்த கலியாண வீடும் சாமத்திய வீடும் கசெற்றாக இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்து இப்போது பென் டிரைவில் ஏற்றித் தரச் சொல்லிக் கடைக்கு வருகின்றன. ஈரம் பட்டது, மடிந்தது, பூஞ்சணம் பிடித்தது. விசிஆர் தலையில் அவை ஓடும்போது சிங்க் குழி எல்லாக் கோட்டிலும் ஒழுங்காக இருக்காது. விடுபட்ட இடத்தில் இரைச்சல் சிங்க்குக்குக் கீழேயும் இறங்கும். கிளாம்ப் அதை நம்பி நம்பி, படம் மினுக் மினுக்கென்று வெளிச்சம் மாறிக்கொண்டே இருந்தது.

ஒரு அக்கா கொண்டுவந்த கசெற்றில் மணவறைக் காட்சி முழுக்க இப்படி. “தம்பி, அந்த நேரம் லைற் இப்பிடி விட்டு விட்டு எரியேல்லை” என்றார். ஜெனரேற்றர் வெளிச்சமாக இருக்கலாம் என்று நான்தான் முதலில் சொல்லிப் பார்த்தேன். அவவுக்கு நல்ல ஞாபகம். பெற்றோல்மக்ஸும் ரியூப் லைற்றும் நேராகத்தான் எரிந்தன.

பயாஸ் வழியில் கிளாம்புக்கு வேலை கொடுப்பதில்லை. உள்ளீட்டிலிருந்து சப்ளைக்கு ஒரு பெரிய ரெசிஸ்டர் போட்டு, உள்ளே இருக்கிற 800 கிலோ ஓமோடு பங்குபோட்டு, சராசரியை நடுவில் ஒரு மட்டத்தில் தூக்கி நிறுத்துகிறோம். அடிமட்டம் கிளாம்பைத் தொடாத உயரத்தில் இருந்தால் அது தூங்கும். எந்தத் தெறிப்பும் படத்தைத் தூக்காது. டிஎச்எஸ் 7314ஐ 5 வோல்ற்றில் வைத்து, 3.3 மெகா ஓம் போட்டால் சராசரி ஏறத்தாழ 0.98 வோல்ற்றில் நிற்கும். வெள்ளைப் படத்தில் சிங்க் நுனி 0.98 கழித்தல் 0.85, அதாவது 0.13, தரைக்கு மேலே. கறுப்புப் படத்தில் திடீரென்று ஒரு வெள்ளைப் புள்ளி வந்தால் உச்சி 1.70. இரண்டு மடங்காக்கித் தூக்கையும் கூட்டினால் வெளியே 3.5 வோல்ற். 5 வோல்ற் சப்ளையில் இடம் தாராளம். இதையே 3.3 வோல்ற்றில் செய்தால்? கீழிருந்து மேல் வரை மொத்தப் பயணம் 1.57, இரண்டு மடங்கு 3.1 வோல்ற். சப்ளை முழுவதையும் பயன்படுத்தினாலும் பிதுங்கும். ஆகவே முழுப் படத்துக்குப் பயாஸ் என்றால் 5 வோல்ற், வேறு பேச்சில்லை.

கண்டென்சரும் மாற வேண்டும். இங்கே கோட்டுக்குக் கோடு நிமிர்த்த ஆள் இல்லை. 0.1 போட்டால் ஒரு திரையின் 20 மில்லிசெக்கனுக்குள் கால்வாசிக்கு மேல் சரியும். வானமும் வயலும் பாதிப் பாதியாக உள்ள படத்தில் வானம் மேலே வெளுத்து வரவரக் கறுக்கும். 1 மைக்ரோஃபரட் போட்டால் மூன்று வீதம்தான். போட்டேன், மணவறை நேராக எரிந்தது. இதில் ஒரு நிபந்தனை: அடுத்த பக்கம் இருக்கிறவனுக்கு மூளை இருக்க வேண்டும். கணினிக்குப் படம் ஏற்றுகிற டிகோடர் ஐசி ஒவ்வொரு கோட்டிலும் சிங்க்குக்குப் பிறகு வருகிற கறுப்பு மட்டத்தை அளந்து தானே திருத்திக்கொள்ளும். அதனால் நாங்கள் முன்னால் கை வைக்காமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று.

சிங்க்கே இல்லாத சிக்னல்களுக்குப் பயாஸ் தெரிவு அல்ல, கட்டாயம். வெளிச்சமும் நிறமும் தனித்தனிக் கம்பியில் போகிற எஸ் வீடியோவின் நிறக் கம்பியில் போவது பூச்சியத்துக்கு மேலும் கீழும் ஆடுகிற அலை. மூன்று சொக்கெற் வழியில் நீலமும் சிவப்பும் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 0.35 வோல்ற் ஆடும். கிளாம்ப் வழியில் கொடுத்தால் அது அலையின் அடிப்பக்கத்தைக் கடிக்கும். கடும் நிறம் வந்த கோட்டில் மட்டம் ஓடிவிடும், கூறைச் சிவப்பு ஒரு பக்கமாக இழுபட்டுத் தெரியும். எஃப்எம்எஸ் 6143க்குத் தயாரித்தவர்களே சொல்கிற மதிப்பு 7.5 மெகா ஓம். 5 வோல்ற்றில் அது சராசரியை அரை வோல்ற் கிட்டத் தூக்கும், இரண்டு பக்கமும் 0.35 ஆட இடமிருக்கும். நிறக் கம்பிக்கு 0.1 கண்டென்சர் தாராளம், அதில் மெதுவான ஆட்டம் ஒன்றும் இல்லை. 7.5 மெகா ஓம் கிளிநொச்சியில் எந்தக் கடையிலும் தனியாகக் கிடைக்காது; 3.3ஐயும் 3.9ஐயும் தொடராகப் போட்டால் 7.2, அது போதும். ஆனால் போட்டைக் கழுவிக் காயவையுங்கள். மெகா ஓம் கணக்கில் விளையாடும்போது ஈயப் பசையின் அழுக்கும் மாரிக்கால ஈரமும் ஒரு ரெசிஸ்டர்தான்.

எந்த ஐசி?

வாசல் தீர்ந்தால் ஐசி லேசு. டிஎச்எஸ் 7314உம் எஃப்எம்எஸ் 6143உம் இரண்டும் மூன்று படம் எடுக்கும், எட்டுக் கால், கால் வரிசையும் ஒன்று: 1, 2, 3 உள்ளே, 4 சப்ளை, 5 ஏர்த், 6, 7, 8 வெளியே. ஒன்றைக் கழற்றி மற்றதை வைக்கலாம். டெக்சாஸ்காரன் ஐந்தாம் படி (படி கூடினால் ஃபில்டரின் வெட்டு கூர்மை), 8.5 மெகாஹேட்ஸ், ஃபெயர்சைல்ட் நான்காம் படி, 8. கமராப் படத்தில் இந்த வித்தியாசத்தைக் கண்டேன் என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. நேரடி இணைப்பில் ஏர்த் கொஞ்சம் ஆடக்கூடிய இடம் என்றால் 280 தூக்குள்ளதை எடுப்பேன், கூடுதல் இடம் தருகிறது. பயாஸ் வழியில் முழுப் படம் என்றால் டெக்சாஸ். மற்றப்படி கையில் எது இருக்கிறதோ அது.

கையில் இருப்பது உண்மையானதா என்பது வேறு கேள்வி. பார்சலில் வருகிற மலிவு ஐசிகளில் மேலே ஒரு பெயரும் உள்ளே வேறொன்றும் இருந்த நாள் உண்டு. நான் செய்வது: 5 வோல்ற் கொடுத்து, மூன்று உள்ளீட்டையும் ஏர்த்தில் தொடுத்து, வெளியீட்டை மீற்றரில் பார்ப்பேன். முன்னர் ஒரு பையிலிருந்து எடுத்தவற்றில் ஒன்று 0.27, அடுத்தது 0.28, மூன்றாவது 2.4. மூன்றாவது வேறு ஏதோ சாதியைச் சேர்ந்தது. அரைச் சப்ளையில் நிற்கிறது. கழித்துவிட்ட டிவிடி போட்டுகளில் மஞ்சள் சொக்கெற்றுக்குக் கிட்ட இருக்கிற எட்டுக் காலைக் கழற்றி எடுப்பது எனக்கு அதைவிட நிம்மதி. அது வேலை செய்த வரலாறு உள்ள ஐசி.

டிஎச்எஸ் 7353 என்று இன்னொன்று உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் நேரடி, தூக்கோடு நேரடி, பயாஸ், கிளாம்ப் என்று நான்கில் எதையும் கட்டளை கொடுத்து மாற்றலாம். ஃபில்டரையும் 9, 16, 35 மெகாஹேட்ஸ் என்று மாற்றலாம், முற்றாக எடுத்தும் விடலாம். இரண்டு உள்ளீட்டில் ஒன்றைத் தெரிவுசெய்கிற வசதியும் உள்ளே. கசெற்றும் கமராவும் மாறி மாறி வருகிற என் மேசைக்கு அது கனவு ஐசி. மில் வாசலுக்கு வேண்டாம்: கட்டளை கொடுக்க இன்னொரு கட்டுப்பாட்டு ஐசி வேண்டும், அதற்குப் புரோகிராம் வேண்டும், காலும் நெருக்கம். கரண்ட் போய் வருகிற ஒவ்வொரு தடவையும் அதற்குத் திரும்பச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பெடியன் ஒருவன் வந்து, அதுதான் சரியான தெரிவு, ஏன் பயப்படுகிறீர்கள் என்று கேட்டான். இரவு பதினொரு மணிக்கு மில்லிலிருந்து ஃபோன் வருவது அவனுக்கு அல்ல.

பஸ்ஸுக்கும் லொறிக்கும் பின்கமரா பூட்டுகிறவர்களுக்கு அனலொக் டிவைசஸின் ஏடிஏ 4432 பக்கம் பார்க்கச் சொல்வேன். அதன் பெருமை ஃபில்டரில் இல்லை. வெளியீட்டு வயர் தோல் உரிந்து பற்றரி வயரில் முட்டினாலும் 18 வோல்ற் வரை தாங்கும். எங்கள் வீதிகளில் ஓடுகிற லொறியின் அடிவயரிங்கைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

ஐசியே இல்லாமல் ஒரு ட்ரான்சிஸ்டரில் முடிக்கலாமா? கமராப் படத்தைப் பிரிக்க மட்டும் என்றால் முடிக்கலாம். அனலொக் கமராவில் 27 மெகாஹேட்ஸ் நிழல் பெரிய தொல்லை இல்லை, ஃபில்டருக்குச் சாப்பாடு இல்லை. ஆனால் கிளாம்பும் இல்லை, அதைத் தனியாகக் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது ஐசியை விடப் பெரிய போட் ஆகியிருக்கும்.

இப்போது மெகாஹேட்ஸ். மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்றேன்; கேட்காமலே விட்டு ஒருநாள் வாங்கிக் கட்டினேன். ஒரு கடைக்காரர் புதிய கமராக்கள் வாங்கியிருந்தார். அதே வட்ட சொக்கெற், அதே கேபிள். மில்லில் வேலை செய்த போட் மாதிரியே இன்னொன்றைக் கொண்டுபோய்ப் பூட்டினேன். ரெக்கோடரில் படமே இல்லை. அவை ஏஎச்டி, டிவிஐ என்று வருகிற வகை. ஒரே கோக்ஸ் கேபிளில் பெரிய படத்தை அனலொக்காகவே அனுப்புபவை. படத்துக்கு வேண்டிய அகலம் 8 மெகாஹேட்ஸ் எல்லையை எங்கோ தாண்டிப் போகிறது. என் ஐசி அதன் தலையை வெட்டிவிட்டது. 36 மெகாஹேட்ஸ் உள்ள டிஎச்எஸ் 7316 அதே எட்டுக் காலில் வரும், கால் வரிசையும் அதேதான். மாற்றினால் சரிவரும் என்று நினைத்தேன். அதற்கும் ஒரு தடை: இந்தக் கமராக்களுக்கு ரெக்கோடரிலிருந்து கட்டளைகள் அதே கேபிளில் பின்பக்கமாகப் போகும். எந்த ஃபில்டர் ஐசியும் ஒருவழிப் பாதை. படம் வந்தாலும் கட்டளை போகாது.

கமராவின் மெனுவுக்குள் போய் அதைப் பழைய முறைக்கு மாற்றினால் போட் வேலை செய்யும், படம் சின்னதாகும். கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, அது நியாயமும்தான். போட்டைக் கழற்றிக் கொண்டுவந்தேன்; ரெக்கோடரின் பின்னால் இருந்த மற்ற சொக்கெற்றிலிருந்து ரீவிக்கு வயர் இழுத்துக் கொடுத்தேன். கழற்றிய போட் இப்போது கசெற் மேசையில் இருக்கிறது, 0.01ஐ எடுத்துவிட்டு 1 மைக்ரோஃபரட் வைத்து.

மில்லில் இருப்பது இன்னும் ஓடுகிறது. போன கிழமை போனபோது ஐயா குடிலுக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது, படம் நேராக நின்றது, கேற்றடியில் ஒரு மாடு.